நீரிழிவும் கண்புரையும்

"கண்ணிலே புரை விழுந்திருப்பது உண்மைதான்; ஆனால் இன்னும் முற்றவில்லை. முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று காலங்கடத்தும் பெரியவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். இவ்வெண்ணம் காரணமின்றித் தோன்றியதன்று. ஒரு காலத்தில் டாக்டர்களே அவ்வாறு சொல்லி அனுப்பியதுண்டு. புரை படர்ந்த விழிவில்லையை அடியோடு வெளியே எடுப்பதே அன்றைய சிகிச்சை; எடுத்த இடத்தில் வைப்பதற்கு ஒன்றும் கிடையாது. தலையின் இருபுறமும் மணல் மூட்டைகளை அணைவாக வைத்து, நோயாளியை அசையவிடாமல் நாட்கணக்கில் படுக்க வைப்பார்கள். அதன் பின்னர் சோடாப்புட்டிக் கண்ணாடி. இவ்வளவு தொல்லையையும், பார்வை அறவே மங்கிய பின்னர் ஏற்றுக்கொள்வதே அன்று நியாயமாக இருந்தது.

1949-ஆம் ஆண்டில் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலாகச் செயற்கை வில்லையொன்றைக் கண்ணுக்குள் பொருத்தினார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூரைச் சில்லுகள், தீங்கு செய்யாமல் உள்ளேயே கிடந்ததைக் கண்டு பிறந்த யோசனை அது. 1967-இல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன், செவிக்கெட்டாத ஒலியலையால் புரையை நொறுக்கி உறிஞ்சி எடுக்கும் முறையைக் கையாண்டார். 1992 முதல் மதுரையிலேயே செயற்கை வில்லைகள் உற்பத்தியாகின்றன; ஏழைகளுக்கும் அவை எட்டும் பொருளாயின. இன்று பெரும்பாலோர் அறுவை சிகிச்சை முடிந்த அன்றே வீடு திரும்புகிறார்கள். ஆதலால், முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கோ, அவ்வாறு காத்திருப்பதே பெருந்தீங்காகிவிடக்கூடும்.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, கண்ணின் முன்னறையில் ஊறும் நீரிலும் அது மிகுகிறது. அங்கிருந்து விழிவில்லைக்குள் புகுந்து, சார்பிட்டால் என்னும் பொருளாக மாறி, எளிதில் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. தங்கிய பொருள் நீரை ஈர்க்க, வில்லை உப்புகிறது. சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் பார்வை தெளிவதும் மங்குவதுமாக இருப்பது இதனால்தான். அந்நாட்களில் புதுக் கண்ணாடி வாங்குவது வீண் செலவு. இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்குமானால், மற்றவர்களுக்கு முதுமையில் வரும் புரை இவர்களுக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வந்து சேர்கிறது.

புரை மட்டுமே என்றால் கவலை பெரிதன்று. கண்ணின் பின்புறத்தில், விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக்குழாய்களையும் நீரிழிவு நலிவுறச் செய்கிறது. அவை கசிகின்றன, சில அடைபடுகின்றன, அடைபட்ட இடத்தில் புதிய, வலுவற்ற குழாய்கள் முளைத்து இரத்தம் பெருக்குகின்றன. இத்தனைக்கும் வலி இல்லை. தொடக்கத்தில் பார்வைக் குறைவும் இல்லை. பார்வை குறையும்போதோ, "எல்லாம் புரையினால்தான்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை அவருடைய மகள் என்னிடம் அழைத்து வந்தாள். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு; வலக்கண்ணில் புரை வெண்மையாக முற்றியிருந்தது. அதற்கப்பால் விழித்திரையைப் பார்க்கவே முடியவில்லை. அறுவை சிகிச்சை எவ்விதக் குறையுமின்றி நடந்தது. கட்டவிழ்த்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி, "ஏன் டாக்டர், வில்லையைச் சரியாக வைக்கவில்லையா?" என்பதே. வில்லை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆனால், எழுத்தை வாசிப்பதற்கு உதவும் விழித்திரையின் நடுப்பகுதி, அவர் காத்திருந்த ஆண்டுகளில் கசிவினால் நைந்து போயிருந்தது. தடவாமல் நடக்க முடிந்ததே அவர் கண்ட பயன். இடக்கண்ணில் புரை அவ்வளவு அடர்த்தியில்லை. ஆகவே, முதலில் விழித்திரைக்கு லேசர் சிகிச்சையும், கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தும் அளித்து, கசிவு அடங்கிய பின்னரே புரையை எடுத்தோம். அந்தக் கண்ணால் இப்போது செய்தித்தாள் படிக்கிறார். வலக்கண்ணைப் பற்றி அவர் கேட்கும்போது எனக்கு விடை சொல்ல நா எழுவதில்லை.

எனவே, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்னர், பாவையை மருந்திட்டு விரித்து, விழித்திரையைப் பார்த்தாயிற்றா என்று நோயாளியே கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவன்று. மருந்தின் வேகம் தணியச் சில மணி நேரம் ஆகும். வெளிச்சம் கூசும், எழுத்து தெரியாது. ஆகையால் வண்டி ஓட்டிக்கொண்டு தனியே வராமல், துணையோடு வருவது நல்லது.

அடுத்தது சர்க்கரை. முன்பின் கவனியாதிருந்துவிட்டு, நாள் குறித்தவுடன் பட்டினி கிடந்து அதை ஒரே வாரத்தில் இறக்க முயல்பவர்கள் உண்டு. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை மிக விரைவாகத் தாழ்ந்தால், விழித்திரை நோய் சிலகாலம் மோசமாவதும் உண்டு. கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை வைத்துக்கொண்டு, நீரிழிவு டாக்டரின் யோசனைப்படி நிதானமாக இறக்குவதே முறை. இரத்த அழுத்தமும் அடங்கியிருக்க வேண்டும். காலில் ஆறாத புண், பல்லில் சீழ், சிறுநீர்க் கடுப்பு என எது இருப்பினும் மறைக்கலாகாது. கண்ணுக்குச் சம்பந்தமில்லை என்று நாம் நினைக்கும் அந்தச் சீழே, அறுவை செய்த கண்ணுக்குச் சத்துருவாகலாம்.

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆண்களுக்குச் சிறுநீர்த் தடைக்காகத் தரும் டாம்சுலோசின் போன்ற மாத்திரை, கண்ணின் கருமணித் திரையைத் தளரச் செய்து அறுவையின்போது தொல்லை கொடுக்கும். முன்னரே தெரிந்தால் டாக்டர் ஆயத்தமாக இருப்பார். இரத்தம் உறையாதிருக்கத் தரும் மருந்தைத் தாமாக நிறுத்துவது இருதயத்துக்கு ஆபத்து. அறுவை நாளன்று காலையுணவைத் தவிர்த்துவிட்டு, வழக்கமான இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டு வருபவர்களையும் கண்டிருக்கிறேன். மேசைமீது படுத்தவுடன் வியர்த்துக்கொட்டி மயங்குவார்கள். அன்று எதை உண்பது, எந்த மருந்தை விடுவது என்பதை முந்தின நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தலைக்குக் குளிப்பதையும் முந்தின நாளே முடித்துக்கொள்ளலாம்; பிறகு சில நாட்களுக்குக் கண்ணில் நீர் படலாகாது.

அறுவைக்குப் பின் சொட்டு மருந்தைக் கைகழுவி, சொன்ன வேளையில், சொன்ன நாள்வரை விட வேண்டும். வலி மிகுந்தாலோ, கண் சிவந்தாலோ, தெளிந்த பார்வை மீண்டும் குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நீரிழிவுக்காரர்களுக்கு அறுவைக்குப் பிந்திய வாரங்களில் விழித்திரையின் நடுப்பகுதி வீங்குவதுண்டு. கண் நன்றாகத் தெரிகிறது என்று மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுவது இதனால்தான் தவறு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-இல் முடிவு வெளியான ஆராய்ச்சியொன்றில், இன்சுலினை நம்பி வாழ்ந்த நோயாளிகளுள் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்திருந்தது. நடுவயதில் நீரிழிவு கண்டவர்கள், அது தெரிந்த நாளிலேயே முதல் கண் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும், பின்னர் ஆண்டுக்கொருமுறை. புரை எடுத்தவர்களுக்கும் இதில் விலக்கில்லை.

சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மங்கும்போது, "புரை மறுபடி வளர்ந்துவிட்டது" என்பார்கள். எடுத்த புரை வளர்வதில்லை. செயற்கை வில்லைக்குப் பின்னுள்ள மெல்லிய சவ்வு மங்கியிருக்கலாம். லேசர் கதிரால் சில நிமிடங்களில் அதில் வழி திறந்துவிடலாம். ஆனால், நீரிழிவு உள்ளவர் அதுவாகத்தான் இருக்கும் என்று வீட்டிலிருந்தபடியே தீர்மானிக்கக்கூடாது. மங்கியது முன்னிருக்கும் சவ்வா, பின்னிருக்கும் விழித்திரையா என்பது பாவையை விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.