இளம்பிள்ளை வாதம் திரும்பி வராதிருக்க
(திருப்புட்குழியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வறுத்த பயற்றையும் முளைக்கச் செய்வாள் என்று நம்பி, மரகதவல்லித் தாயாரிடம் பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் வரும் ஊர் இது. பிறந்த பிள்ளை ஓடியாடி வளரவேண்டும் என்பதும் அவ்வேண்டுதலில் அடங்கியதே அன்றோ? ஆகவே இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோவைப் பற்றி இங்கு பேசுவது பொருத்தமே.

1988-இல் உலக சுகாதாரச் சபை இந்நோயை ஒழிக்கத் தீர்மானித்தது. அப்போது ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,50,000 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இதனால் முடமாயினர். குறித்த நாளில் ஊர்க் குழந்தைகள் யாவருக்கும் ஒருசேரச் சொட்டு மருந்து அளிக்கும் முறையை, நமக்கு மேற்கேயுள்ள வேலூரில் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவர் குழுவினரும் 1980-களிலேயே நடத்திக் காட்டினர். 1995-இல் அம்முறை நாடெங்கும் பரவியது. இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் வாதம் கடைசியாகக் கண்டது, 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்து ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று நாம் நோயற்றவர்களெனச் சான்று பெற்றோம்.

“நோய்தான் போயிற்றே, இனி மருந்து எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். அண்டை வயலில் கோரை இருக்க, நம் வயலில் களையெடுப்பை நிறுத்துவோமா? பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் இக்கிருமி இன்னும் ஒழியவில்லை. 2020-இல் ஆப்பிரிக்கா இதிலிருந்து விடுபட்டதென அறிவிக்கப்பட்டது; ஆயினும் பாகிஸ்தானில் காணப்படும் வகையைச் சேர்ந்த கிருமி, மலாவி நாட்டில் ஒரு குழந்தையை முடமாக்கியது 2022-இல் தெரியவந்தது.

இக்கிருமி மலத்தின் வழியே நீரிலும் கையிலும் பரவுவது. தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே வாதம் காணும். ஏனையோர் தம்மை அறியாமலே பிறருக்குப் பரப்புவர். வாதம் வந்தபின் அதனை மாற்ற மருந்தில்லை. வருமுன் காப்பதே வழி.

பிறந்தவுடனும், 6, 10, 14-ஆம் வாரங்களிலும், ஒன்றரை வயதையொட்டியும் சொட்டு மருந்து. 6, 14-ஆம் வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும் ஊசி. இவை யாவும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். இவற்றைப் பெற்ற குழந்தைகளுக்கும், போலியோ முகாம் நடைபெறும் நாளில் ஐந்து வயது வரை சொட்டு மருந்து தருதல் வேண்டும்.

நம் வீட்டுக் குழந்தைகள் பெரும்பாலும் விடுபடுவதில்லை. செங்கற்சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்து, சில மாதங்களில் வேற்றூர் செல்லும் குடும்பங்களின் குழந்தைகளே விடுபடுகின்றனர். அவர்களின் பெயர் நம் பதிவேட்டில் இராது. ஆனால் கிருமி பதிவேட்டைப் பார்த்து வருவதில்லை. ஆகவே ஒவ்வொரு உறுப்பினரும் தம் வார்டில் புதிதாக வந்து தங்கியுள்ள குடும்பங்களைக் கண்டறிந்து, கிராம சுகாதாரச் செவிலியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அக்குழந்தைகளைக் காப்பது நம் குழந்தைகளையும் காப்பதாகும்.