பாலைவனத்து விமானத் தளம்

கோலார் தங்கவயலில் வாழ்ந்தவர்களுக்குச் சயனைடு மேடுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றுக் காலத்தில் அம்மேடுகளிலிருந்து கிளம்பும் புழுதி, கொடியில் உலரும் துணியிலும் ஆறவைத்த சோற்றிலும் படியும். அதைக் கண்டவர்களுக்கு, 1941, 1942-ஆம் ஆண்டுகளில் எகிப்து, லிபியா பாலைவனத்தில் இருந்த போர்விமானத் தளங்களின் வாழ்வை விளக்குவது எளிது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் வட ஆப்பிரிக்கப் போர்முனைக்குச் சென்றவர்களே.

தளம் என்றவுடன் தார் ஓடுபாதையையும் கட்டடங்களையும் எண்ணிவிட வேண்டாம். கல் பொறுக்கிச் சமன் செய்த வெறுந்தரை. எல்லை காட்டப் பீப்பாய்கள். பல தளங்களுக்குப் பெயரே இல்லை, எண் மட்டுந்தான். கூடாரங்களைத் தள்ளித் தள்ளி அடித்து, அருகில் பதுங்குகுழி வெட்டிக்கொள்வர். போர்முனை நகர்ந்தால் தரைப் பணியாளரில் ஒரு பாதியினர் லாரிகளில் முன்னே செல்வர். மறு பாதியினர் விமானங்களை வழியனுப்பிவிட்டுப் பின்தொடர்வர்.

விடியுமுன் தேநீர். பெட்ரோல் டின்னைப் பாதியாக வெட்டி, மணல் நிரப்பி, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவதே அடுப்பு. உணவு, டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சியும் பல்லை உடைக்கும் பிஸ்கோத்தும். தண்ணீரோ ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் அளவே; பல நாள் அதனினும் குறைவு. அதுவும் உப்புக் கரிக்கும். முகம் மழித்த நீரிலேயே உடலைத் துடைத்து, துணியை அலசி, எஞ்சியதை வடிகட்டி லாரியின் ரேடியேட்டரில் ஊற்றினர். குழாயடியில் குடத்துடன் காத்துநின்ற நம் தாய்மார்கள் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள்.

விமானிகளின் புகழ் நூல்களில் நிறைய உண்டு. எனக்கோ மெக்கானிக்குகளே பெரியவர்களாகத் தோன்றுகிறார்கள். வெயிலில் கிடந்த ஸ்பானரைத் தொட்டால் கை பொரியும். மணற்புயல் எழுந்தால் எஞ்சினையும் துப்பாக்கிக் குழல்களையும் மூடிவிட்டு, ஓய்ந்தபின் மீண்டும் துடைக்க வேண்டும். மணல் புகுந்த எஞ்சின் விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே ஹரிக்கேன், ஸ்பிட்பயர் விமானங்களின் மூக்கின் கீழ்ப் பெரிய காற்று வடிகட்டிகளைப் பொருத்தினர். அதனால் விமானத்தின் வேகம் குறைந்தது. வான்போரில் வேகமே உயிர். ஆயினும் எஞ்சினைக் காப்பதற்காக அதையும் ஓரளவு விட்டுக்கொடுத்தனர்.

இதைப் படித்தபோது என் நினைவு தங்கவயலுக்கே திரும்பிற்று. அதே காலத்தில், 1940 முதல் 1946 வரை, அங்கே சுரங்கத் தொழிலாளர் 7,600-க்கும் மேற்பட்டோரை மருத்துவர்கள் பரிசோதித்தனர். அவர்களில் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டோருக்குச் சிலிக்கோசிஸ் கண்டிருந்தது. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து மூச்சை இறுக்கும் நோய் அது. துளைக்கும்போதே தண்ணீர் பாய்ச்சித் தூசியை ஓரளவு அடக்கலாம். மார்பில் ஒருமுறை படிந்ததை நீக்க மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தேய்ந்த எஞ்சினுக்கு மாற்று எஞ்சின் உண்டு.

சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. மேடுகள் நிற்கின்றன. காற்று எழும்போது, பக்கத்து வீடுகளில் இன்றும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள்.