கோயில் வாசலில் ஓர் அளவுகோல்



தமிழ்நாட்டு மனநோயாளிகளைப் பற்றி உலக மருத்துவ ஏட்டில் பேர்வாங்கிய கட்டுரை ஒன்று மருத்துவமனையில் செய்த ஆய்விலிருந்து வந்ததல்ல. அது வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் செய்த ஆய்வு. 2000 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கு வந்து தங்கிய 31 பேரை மனநல மருத்துவர் ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் கவனித்தார்கள். அவர்களில் 23 பேருக்குச் சந்தேகம் மேலோங்கிய மனச்சிதைவு நோய். வந்தபோதும் கிளம்பும்போதும் நோய்க்குறிகளை எண்ணால் அளந்தார்கள். சராசரி மதிப்பெண் 52.9ஆக இருந்தது 42.9ஆக இறங்கியது, அதாவது நோய் சற்றுத் தணிந்தது. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அதை வெளியிட்டது.

பேயோட்டுதல், உடுக்கை என்று கற்பனை செய்யாதீர்கள். தனிச் சடங்கு ஒன்றும் கிடையாது. கூடவே வீட்டார் ஒருவர், கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, சராசரியாக ஆறு வாரம். அவ்வளவுதான்.

இதைக் காட்டி, சாமியே தீர்த்துவைத்தது என்பாருண்டு. கோயிலில் என்ன ஆராய்ச்சி என்று முகம் சுளிப்பாரும் உண்டு. இரு தரப்பாரும் கட்டுரையைச் சரியாகப் படிக்கவில்லை என்பேன். ஒப்பிட வேறொரு குழு அதில் இல்லை. முற்றிய நிலையில் வரும் நோய் சில வாரங்களில் தானாகவும் சற்றுத் தணியும். ஆனாலும், நோயாளி எங்கே இருக்கிறாரோ அங்கே போய் அளந்தார்களே, அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

ஆனால் வழிபாட்டுத் தலங்களை நாடி வந்த எல்லோருக்கும் அந்தப் பரிவு கிடைக்கவில்லை. அந்த ஆய்வு முடிந்து கட்டுரை அச்சாவதற்குள், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை ஒட்டித் தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகம் ஒன்று எரிந்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. சாமியை நம்பி வரும் குடும்பத்தை விரட்டாமல், அந்த வாசலிலேயே மருந்தும் கிடைக்கச் செய்வதுதான் சிகிச்சை தரும் நமக்கு எஞ்சியுள்ள வழி.

முத்துசுவாமி கோயிலை விட்டு வீடு திரும்பியவர்கள் ஐந்து, பத்து வருடம் கழித்து எப்படி இருந்தார்கள்? அதற்கு வேறு வகை ஆய்வு வேண்டும். சென்னையில் 1980களின் தொடக்கத்தில் முதல்முறை மனச்சிதைவு கண்ட 90 பேரைச் சேர்த்து, மருத்துவர் தாராவும் மற்றவர்களும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். பத்தாம் ஆண்டில் 76 பேரைப் பார்க்க முடிந்தது. இருபதாம் ஆண்டில், இறந்தவர்களும் தொடர்பு அறுந்தவர்களும் போக, 61 பேரை. வேலைக்குப் போகிறாரா, குடும்பம் நிலைத்ததா என்றெல்லாம் கேட்டார்கள். மாத்திரையின் பலனை ஆறு வாரத்தில் அளந்துவிடலாம். வாழ்க்கையை அளக்க இந்தப் பொறுமை வேண்டும்.

மருத்துவமனைக்கு வெளியே போய்த் தேடினால்தான் விடை கிடைக்கும் என்பது வலிப்பு நோய்க்கும் பொருந்தும். வேலூர்ப் பகுதியில் வீடு வீடாகப் போய்ச் செய்த ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியதே காரணம் என்று தெரிந்தது. காக்கா வலிப்பு என்று கையில் இரும்பைத் திணிக்கும் ஊரில், கழிப்பறையும் கழுவிய காய்கறியும் நரம்பியல் சிகிச்சையாகிவிடுகின்றன.

இங்கே முதல் அமர்வில் தங்கள் ஆய்வைப் பற்றிப் பேசுவோருக்கு ஒரு வேண்டுகோள். குணமானோர் விழுக்காட்டைச் சொல்லுமுன், உங்கள் ஆய்விலிருந்து பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர், ஏன் வரவில்லை என்று தேடிப்போனீர்களா என்பதைச் சொல்லிவிடுங்கள்.