சமூக மண்டபமும் சமூகப் பொறுப்பும்

(ஒக்லாந்து வாழ் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒக்லாந்து நகரின் வடக்கே, ஒரு மணி நேரத்திற்கும் குறைவான பயணத் தொலைவில், பூஹோய் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த பொகீமியாவில், ஸ்டாப் என்ற ஊரிலும் அதன் அயல் கிராமங்களிலும் இருந்து புறப்பட்ட குடியேறிகள் 1863 ஜூன் 29ஆம் நாள் அங்கு வந்து இறங்கினர். அவர்களுக்குக் கிடைத்தது அடர்ந்த காடு மட்டுமே. அப்பகுதி மாவோரி மக்கள் உணவளித்திராவிட்டால் முதற்குளிர்காலத்தை அவர்கள் கடந்திருக்க முடியாது. காட்டை வெட்டி நிலமாக்கிய அவர்கள் 1881இல் தேவாலயம் கட்டினர். 1900ஆம் ஆண்டளவில் ஊர்மண்டபமும் எழுந்தது. திருமணம், இசை, நடனம் என்று அவ்வூரின் வாழ்வு அந்தக் கூரையின் கீழ் நடந்தது.

அந்த மண்டபம் இன்றும் நிற்கிறது. ஆனால், அந்த மக்கள் பேசிய எகர்லாந்து ஜெர்மன் வட்டார மொழியை அறிந்தோர் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவரே. நூறாண்டுகளுக்கு மேலாக மண்டபத்தைக் காத்த ஒரு சமூகத்தால் மொழியைக் காக்க இயலவில்லை. ஒக்லாந்தில் தமிழருக்கென ஒரு மண்டபம் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் பூஹோய் நினைவிற்கு வர வேண்டும். எத்தகைய மண்டபம், யாருக்காக, யாருடைய உழைப்பில் என்ற கேள்விகளுக்கு முதலில் விடை காணப்பட வேண்டும்.

மண்டபம் ஒரு மரபு

ஊரார் கூடி ஒரு பொது இடத்தை உருவாக்கி, ஊதியமின்றி நடத்துவது தமிழருக்குப் புதிதன்று. வடக்கு, கிழக்கின் கிராமங்களில் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் இவ்வாறே தோன்றின. காணியை ஒருவர் கொடுத்தார். கல்லையும் மணலையும் வேறொருவர் கொடுத்தார். இளைஞர்கள் சிரமதானம் செய்தனர். யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் தொடக்கமும் அத்தகையதே. 1933இல் க. மு. செல்லப்பா என்னும் ஆர்வலர் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊரார் குழு அமைத்து, 1934 ஆகஸ்ட் 1ஆம் நாள் ஒரு வாடகை அறையில், 844 நூல்களுடன் அதனைப் பொது நூலகமாகத் திறந்தனர். புதிய கட்டடம் திறக்கப்பட்டது 1959இல்தான். கட்டடத்திற்கு முன்பாகவே கால் நூற்றாண்டு காலம் நூலகம் இயங்கியது என்பது கவனிக்கத்தக்கது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது மக்கள் தம் உயிரின் ஒரு பகுதியை இழந்ததாக உணர்ந்தமைக்கு, அதனைத் தாமே வளர்த்தெடுத்திருந்தமையும் ஒரு காரணமாகும்.

நியூசிலாந்திற்கும் இத்தகைய மரபு உண்டு. மாவோரி மக்களின் மராயே என்னும் ஒன்றுகூடும் இடத்தில் சபையில் பேசுவோருக்கு உள்ள மதிப்பு, சமையற்கூடத்தில் வியர்வை சிந்துவோருக்கும் உண்டு. விருந்தினர் தரும் 'கோஹா' என்னும் அன்பளிப்பு, திருமண வீட்டில் எழுதப்படும் மொய்யை நினைவூட்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், போரில் மாண்டோருக்கு வெறும் தூண்களை எழுப்பாமல் மக்கள் கூடும் மண்டபங்களை அமைக்க ஊர்கள் முன்வந்தன. ஊரார் திரட்டும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு ஒரு பவுண் தந்தது. 'போர் நினைவு மண்டபம்' என்ற பெயருடன் நாடெங்கும் காணப்படும் கட்டடங்கள் பல அவ்வாறு எழுந்தவை. மக்கள் பணம் முதலில், அரசுப் பணம் அதன் பின்னர் என்பதே அங்கிருந்த ஒழுங்கு.

ஒக்லாந்துத் தமிழரின் நிலை

2018 குடிசன மதிப்பீட்டின்படி நியூசிலாந்தில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். அவர்களில் பெரும்பகுதியினர் ஒக்லாந்தில் வாழ்கின்றனர். எனினும், பொங்கல் விழாவோ கலைவிழாவோ வந்தால் பாடசாலை மண்டபங்களையும் மாநகர சபையின் மண்டபங்களையும் வாடகைக்கு எடுக்கும் நிலையே உள்ளது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் புத்தகப் பெட்டிகள் ஆசிரியரின் வாகனத்தில் பயணம் செய்கின்றன. முதியோர் வாரநாளில் சந்தித்துப் பேச இடமில்லை.

கனடாவின் ரொறன்ரோவில் தமிழ்ச் சமூக மையத்திற்கென மத்திய, மாகாண அரசுகள் 2021இல் 26 மில்லியன் டொலருக்கும் மேற்பட்ட நிதியை அறிவித்தன. அச்செய்தி ஒக்லாந்திலும் ஆசையைத் தூண்டுவது இயல்பே. ஆனால், அங்குள்ள தமிழரின் எண்ணிக்கை இலட்சங்களில் உள்ளது. சிறிய சமூகம் தன் அளவிற்கேற்ற வழியைத் தேட வேண்டும்.

செலவு எங்கே போகிறது?

மண்டபம் கட்டுவதற்குப் பணம் சேர்ப்பது கடினம். அதனை ஆண்டுதோறும் நடத்துவதற்குப் பணம் சேர்ப்பது அதனினும் கடினம். அடிக்கல் நாட்டு விழாவிற்கு நன்கொடை தருபவர் பலர். கழிவறைக் குழாயைத் திருத்துவதற்குத் தருபவர் சிலரே. காப்புறுதி, மின்கட்டணம், துப்புரவு, கூரைப் பராமரிப்பு ஆகியவை மண்டபம் பூட்டிக் கிடக்கும் நாளிலும் நிற்பதில்லை. தீ எச்சரிக்கைக் கருவி போன்ற பாதுகாப்பு அமைப்புகள் உள்ள கட்டடம் ஒவ்வோர் ஆண்டும் பரிசோதிக்கப்பட்டு, தகுதிச் சான்றிதழ் பொதுமக்கள் காணும் இடத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது 2004ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம். 2023 சனவரி 27ஆம் நாள் ஒக்லாந்தை மூழ்கடித்த வெள்ளம், வெள்ள அபாயத்தைப் பாராமல் இடம் தேர்வது எவ்வளவு தவறு என்பதை உணர்த்தியது.

இவற்றுடன் எதிர்பாராச் செலவிற்கென ஒதுக்கு நிதியும் வேண்டும். வரவில் ஒரு பகுதியை ஒவ்வோர் ஆண்டும் தனிக்கணக்கில் இடாத மண்டபம், பத்தாம் ஆண்டில் ஒழுகும் கூரையின் கீழ் அவசரக் கூட்டம் கூட்ட நேரிடும்.

வரவு எங்கிருந்து வரும்?

முதலாவது வழி வாடகை. வெள்ளி மாலையும் வார இறுதியும் எளிதில் நிரம்பிவிடும். திங்கள் முதல் வெள்ளி வரையிலான பகற்பொழுதே மண்டபத்தின் இழப்பைத் தீர்மானிக்கிறது. அந்நேரங்களில் மழலையர் விளையாட்டுக் குழு, முதியோர் உடற்பயிற்சி, அயலிலுள்ள பசிபிக் தீவுச் சமூகங்களின் கூட்டம் ஆகியவற்றிற்குக் குறைந்த கட்டணத்தில் இடமளிக்கலாம். தமிழருக்கு மட்டும் என்று கதவை அடைக்கும் மண்டபம் வரவையும் இழக்கும், அயலவரின் நல்லெண்ணத்தையும் இழக்கும்.

இரண்டாவது வழி மக்களின் சிறுநன்கொடை. முன்னாளில் சோற்றுக்கு உலையேற்றும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துப் பொதுப்பணிக்கு அளித்த பிடியரிசி வழக்கத்தை மூத்தோர் அறிவர். அதன் இன்றைய வடிவம் மாதாந்த வங்கிக் கட்டளை. 200 குடும்பங்கள் மாதம் 10 டொலர் வீதம் அளித்தால் ஆண்டிற்கு 24,000 டொலர் சேரும். உள்நாட்டு வருமானத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பிற்கு 5 டொலரோ அதற்கு மேலோ அளிப்பவர், பற்றுச்சீட்டைக் காட்டி அதன் மூன்றில் ஒரு பங்கை வரிச்சலுகையாகத் திரும்பப் பெறலாம். ஆண்டிற்கு 120 டொலர் தரும் குடும்பத்திற்கு 40 டொலர் திரும்பும். அந்த 40 டொலரையும் மண்டபத்திற்கே மனமுவந்து அளிப்போரும் இருக்கக்கூடும்.

மூன்றாவது வழி மானியம். லொத்தர் மானிய சபை, ஃபவுண்டேஷன் நோர்த், மாநகர சபையின் உள்ளூர்ச் சபைகள் ஆகியவை சமூக அமைப்புகளுக்கு நிதியளிக்கின்றன. விண்ணப்பத்திற்கு விலைக்கோரல், கணக்கறிக்கை, தேவையின் சான்று ஆகியவை வேண்டும். செலவழித்த பின்னர் மானியம் கேட்பது பெரும்பாலும் பயனற்றது. பெற்ற பணத்திற்குக் கணக்குக் கொடாதவருக்கு அடுத்த முறை கதவு திறவாது. சூதாட்டப் பொறிகளின் வருவாயிலிருந்தும் மானியம் கிடைக்கிறது. வறிய குடும்பங்களின் இழப்பில் வரும் அப்பணத்தை ஏற்பதா என்பதை ஒவ்வொரு சங்கமும் பொதுக்கூட்டத்தில் வெளிப்படையாக முடிவு செய்தல் நன்று.

மானியம் மழை போன்றது. நன்கொடையும் வாடகையும் கிணறு போன்றவை. மழையை மட்டும் நம்பிப் பயிரிட்டவர் படும் பாட்டை வன்னி விவசாயிகள் நன்கறிவர்.

நிர்வாகமே உயிர்நாடி

மண்டபங்கள் பணமின்மையால் வீழ்வதை விடப் பிணக்கால் வீழ்வதே அதிகம். திறப்பு ஒருவரின் சட்டைப்பையிலும், கணக்குப் புத்தகம் இன்னொருவரின் வீட்டிலும், முடிவுகள் தொலைபேசி உரையாடலிலும் இருக்கும் சங்கம் இரண்டாகப் பிளவுபட அதிக காலம் செல்லாது. பிளவிற்குப் பின்னர் ஒரே நாளில் இரு பொங்கல் விழாக்கள் நடக்கும். எந்த விழாவிற்குப் போவது என்று தெரியாத குடும்பங்கள் இரண்டிற்கும் போகாமல் வீட்டில் இருந்துவிடும்.

2022ஆம் ஆண்டின் கூட்டிணைக்கப்பட்ட சங்கங்கள் சட்டம் இதற்கு ஒரு வரையறை தந்துள்ளது. குறைந்தது 10 உறுப்பினர், குறைந்தது மூவர் கொண்ட நிர்வாகக்குழு, பிணக்குத் தீர்க்கும் நடைமுறை அடங்கிய யாப்பு ஆகியவை கட்டாயம். பழைய சங்கங்கள் மறுபதிவு செய்ய 2026 ஏப்ரல் 5ஆம் நாள் இறுதி நாளாகக் குறிக்கப்பட்டது. ஒரு முடிவால் நிர்வாகி ஒருவர் நிதிப்பயன் பெறக்கூடுமாயின், அதனை அவர் முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும். தலைவரின் மைத்துனர் மண்டபத்திற்கு வர்ணம் பூசலாம். ஆனால், அந்த ஒப்பந்தம் பற்றிய தீர்மானத்தில் தலைவர் வாக்களித்தல் ஆகாது.

சட்டம் கேளாதவற்றையும் செய்யலாம். இணைய வங்கிக் கொடுப்பனவிற்கு இருவரின் ஒப்புதல் வேண்டும் என்று விதிக்கலாம். முன்பதிவு நாட்காட்டியை எவரும் காணத்தக்கதாக வைக்கலாம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை வரவு செலவை மண்டபச் சுவரில் ஒட்டலாம். ஒருவர் ஒரு பதவியில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருத்தல் ஆகாது என்று யாப்பில் எழுதலாம்.

முதலில் எதைச் செய்வது?

நிலம் வாங்கும் முன்னர், ஏற்கெனவே உள்ள ஒரு மண்டபத்தை மாநகர சபையிடமிருந்து குத்தகைக்குப் பெற்றோ, அயற்சமூகத்துடன் பகிர்ந்தோ ஐந்தாண்டுகள் நடத்திக் காட்டுதல் அறிவுடைமையாகும். அந்த ஐந்தாண்டுக் கணக்கறிக்கையே பின்னர் வங்கிக்கும் மானிய சபைக்கும் மக்களுக்கும் காட்டத்தக்க சான்று. அதனைச் செய்ய இயலாத சமூகம் சொந்தக் கட்டடத்தையும் நடத்த இயலாது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வதும் ஒரு பயனே.

இளையோருக்கு ஒரு சொல். புதிய சட்டத்தின்படி 16 வயது நிரம்பியவர் சங்கத்தின் நிர்வாகியாகலாம். கதிரை அடுக்குவதற்கும் ஒலிபெருக்கி பொருத்துவதற்கும் மட்டும் அழைக்கப்படும் இளைஞர், பல்கலைக்கழகம் சென்றபின் திரும்பி வருவதில்லை. கணக்கு எழுதவும், மானிய விண்ணப்பம் தயாரிக்கவும், பெரியோரின் முடிவை மறுத்துப் பேசவும் இடம் பெற்றவர் திரும்பி வருவார். பெற்றோர் இவ்விடத்தில் சற்று ஒதுங்கி நிற்கப் பழக வேண்டும். இளையோரும் கூட்டத்தில் தமிழில் பேச முயல வேண்டும். தவறாகப் பேசினாலும் சிரிக்காத ஓர் அவை அமைந்தால், மொழி அங்கேயே வளரும்.

பூஹோயில் மண்டபம் எஞ்சியது, மொழி தேய்ந்தது. ஒக்லாந்துத் தமிழரின் மண்டபத்தில் வாரந்தோறும் குழந்தைகளின் தமிழ்க்குரல் கேட்குமாயின், அது வாடகைக் கூரையாயினும் தமிழர் மண்டபமே. அக்குரல் கேளாதாயின், எத்தனை மில்லியனில் எழுப்பினாலும் அது வெறும் கட்டடமே.