தீர்ப்பும் தீர்வும்

ஆங்கிலத்தில் 'டீம்' என்றொரு வினைச்சொல் உண்டு. இன்று அதன் பொருள் 'கருது'. பழைய ஆங்கிலத்திலோ 'தீர்ப்புக் கூறு'. அதன் உடன்பிறப்பாகிய 'டூம்' என்னும் பெயர்ச்சொல் முன்னாளில் தீர்ப்பைக் குறித்தது. இந்நாளில் அழிவைக் குறிக்கின்றது. தமிழிலோ 'தீர்' என்னும் ஒரே வினையடி தீர்ப்பையும் ஈன்றது, தீர்வையும் ஈன்றது. பூசல் தீர்வதே தீர்ப்பு.

நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1-இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. கீழ்மன்றங்களில் தமிழுக்கு இடமும் உண்டு. எனினும், நாகர்கோவில் உழவனின் வயல்வழக்கு மேல்முறையீடாக மதுரைக்குச் சென்றால், தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. அரசமைப்பின் 348-ஆம் பிரிவு இட்ட தளை அது. தமிழகச் சட்டமன்றம் 2006-இல் உயர்முறைமன்றத்தில் தமிழ் வேண்டி முடிவியற்றியும் நடுவணரசின் இசைவு கிட்டவில்லை.

வென்றவனும் தோற்றவனும் அறியாத மொழியில் வருவது தீர்ப்பாகலாம், தீர்வாகுமோ? தமிழன் வழக்கு தமிழிலேயே தீர்க!