நம்ம ஆள் என்றால் நிரபராதியா?

(பவானியில் கல்லூரி மாணவர்களும் தறித் தொழில் செய்யும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டு கூடாது என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. உடலை வலுவாக வைத்துக்கொள்ளும் விளையாட்டு நல்லதுதான். மாலையில் மைதானத்துக்குப் போகிற பிள்ளை கெட்டுப்போகிறவனும் அல்ல. நான் பேச வந்தது விளையாடுகிறவனைப் பற்றி அல்ல, பார்க்கிறவனைப் பற்றி. அதாவது ரசிகனைப் பற்றி!

ஒரு வீரன் மீது வழக்கு வருகிறது. மறுநாள் காலை டீக்கடையில் தீர்ப்பு வந்துவிடுகிறது! அவன் நம் ஊர்க்காரன், நம் அணிக்காரன், நம் சமுதாயத்துக்காரன் என்றால், "எல்லாம் சதி, அவன் தங்கமான ஆள்" என்கிறோம். அடுத்த அணிக்காரன் என்றால், "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறோம். எஃப்.ஐ.ஆரைப் படித்தவன் யார்? சாட்சியைக் கேட்டவன் யார்? ஒருவரும் இல்லை. ஆனால் தீர்ப்பு மட்டும் தயார்!

பவானிக்காரர்களாகிய நீங்கள் ஒரு ஜமக்காளம் வாங்கினால்கூட இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டீர்கள். ஒரு மனிதனின் மானத்தை மட்டும் ஒரு பக்கம் பார்த்தே விலை பேசுவது என்ன நியாயம்?

அசாருத்தீனும் இரண்டு கூட்டமும்

நம் சமுதாயத்து வீடுகளில் அதிகம் பேசப்பட்ட கதையிலிருந்து ஆரம்பிப்போம். முஹம்மது அசாருத்தீன் ஹைதராபாத்துக்காரர். 1984 டிசம்பர் 31-ல் கல்கத்தாவில் தொடங்கிய டெஸ்டில் அறிமுகமானவர். கல்கத்தா, சென்னை, கான்பூர் என்று முதல் மூன்று டெஸ்டிலும் மூன்று சதம் அடித்தார். பல ஆண்டுகள் இந்தியாவின் கேப்டனாக இருந்தார். 99 டெஸ்ட் ஆடினார். நூறாவது டெஸ்ட் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். 2000 ஏப்ரலில் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்ஸி குரோனியேவின் தொலைபேசிப் பேச்சை டெல்லி போலீஸ் வெளியிட்டது. அங்கிருந்து கிளம்பிய நெருப்பு இந்திய அணியையும் சுட்டது. சி.பி.ஐ. விசாரித்து அறிக்கை கொடுத்தது. 2000 டிசம்பர் 5-ம் தேதி கிரிக்கெட் வாரியம் அசாருத்தீனுக்கு ஆயுட்காலத் தடை விதித்தது.

அப்போது நாட்டில் இரண்டு கூட்டம் உருவானது. "முஸ்லிம் அல்லவா, அதனால்தான் நாட்டை விற்றார்" என்றது ஒரு கூட்டம். "முஸ்லிம் என்பதால்தான் பழிவாங்கப்பட்டார்" என்றது மறு கூட்டம். சகோதரர்களே, தண்டிக்கப்பட்டோர் பட்டியலை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்! அசாருத்தீனோடு ஆயுட்காலத் தடை பெற்றவர் அஜய் சர்மா. ஐந்தாண்டுத் தடை பெற்றவர்கள் அஜய் ஜடேஜா, மனோஜ் பிரபாகர், அணியின் உடற்பயிற்சி மருத்துவர் அலி இரானி. முதல் கூட்டத்தின் வாதமும் இங்கே உடைகிறது, இரண்டாம் கூட்டத்தின் வாதமும் உடைகிறது. குற்றச்சாட்டுக்கு மதம் இருக்கவில்லை. மதத்தைப் பூசியவர்கள் ரசிகர்கள்தான்!

பிறகு என்ன ஆனது? அசாருத்தீன் நீதிமன்றம் போனார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2012 நவம்பர் 8-ல், அந்தத் தடை சட்டப்படி செல்லாது என்று ஆந்திர உயர்நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே, 2009-ல், மொராதாபாத் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மக்கள் ஓட்டுப் போட்டதால் அவர் நிரபராதி ஆகிவிடவில்லை. வாரியம் தடை போட்டதால் மட்டும் அவர் குற்றவாளி ஆகிவிடவும் இல்லை. ஓட்டு வேறு, தடை வேறு, தீர்ப்பு வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன்தான் டீக்கடை நீதிபதி!

மூன்று கேள்விகள்

இன்னொரு வழக்கைப் பாருங்கள். 2013 மே 16-ல் கேரளத்து ஸ்ரீசாந்த் உட்பட ராஜஸ்தான் அணி வீரர்கள் மூவரை டெல்லி போலீஸ் கைது செய்தது. ஐ.பி.எல். சூதாட்ட வழக்கு. "மலையாளி என்பதால் குறிவைக்கிறார்கள்" என்று ஒரு பேச்சு, "தூக்கில் போடு" என்று இன்னொரு பேச்சு.

2015 ஜூலை 25-ல் டெல்லி நீதிமன்றம் மூவரையும் வழக்கிலிருந்து விடுவித்தது. ஆனால் வாரியத்தின் ஆயுட்காலத் தடை நீடித்தது. 2019 மார்ச் 15-ல் உச்சநீதிமன்றம் அந்த ஆயுட்காலத் தண்டனையை ரத்து செய்து, தண்டனையின் அளவை மறுபரிசீலனை செய்யும்படி வாரியத்துக்குச் சொன்னது. அது ஏழு ஆண்டாகக் குறைந்து, 2020 செப்டம்பரில் முடிந்தது.

இதிலே மூன்று கேள்விகள் இருக்கின்றன. சட்டப்படி அது குற்றமா? விளையாட்டு விதிப்படி அது ஒழுங்கீனமா? ஒழுங்கீனம் என்றால் எவ்வளவு தண்டனை பொருத்தம்? மூன்றுக்கும் மூன்று பதில் வந்தது. ரசிகனோ ஒரே பதிலை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் கத்தினான்!

நம் தமிழ்நாட்டு ரசிகர்கள் மட்டும் யோக்கியமா? அதே 2013 மே மாதத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் நிர்வாகத்தோடு சம்பந்தப்பட்ட குருநாத் மெய்யப்பன் கைதானார். சூதாட்டத்தில் அவர் பந்தயம் கட்டியது நிரூபணமானது என்று 2015 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது. அந்த ஜூலை 14-ல் நீதிபதி லோதா குழு சென்னை அணியையும் ராஜஸ்தான் அணியையும் இரண்டாண்டு இடைநீக்கம் செய்தது. அதற்கு நம் ரசிகர்கள் என்ன பதில் சொன்னார்கள்? "வடக்கத்தியான் பொறாமை" என்றார்கள். ஸ்ரீசாந்தைத் தூக்கில் போடச் சொன்ன அதே வாய்கள்தான்!

2018-ல் அணி திரும்பி வந்தது. அது காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுத் தமிழகம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். சேப்பாக்கத்தில் நடக்கவிருந்த போட்டிகள் புனேவுக்குப் போயின. ரசிகர்கள் தனி ரயில் ஏறிப் புனேவுக்குப் போனார்கள்! காவிரிக் கரையில் வாழும் உங்களிடம் இதற்குமேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

செத்தவன் பெயர் என்ன?

சூதாட்டத்தில் போனது பணமும் நம்பிக்கையும். இப்போது உயிர் போன வழக்குக்கு வருவோம்.

சுஷில் குமார் பெயர் தெரியாதவர் உண்டா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம், 2012 லண்டனில் வெள்ளி வாங்கிய மல்யுத்த வீரர். 2021 மே 4-ம் தேதி இரவு டெல்லி சத்ரசால் மைதானத்தில் இளைஞர்கள் சிலர் கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். அதில் ஒருவர் இறந்துபோனார். அந்த மாதம் 23-ம் தேதி சுஷில் குமார் கைதானார். அந்த வழக்கில் அவர் செய்தாரா இல்லையா என்று நான் சொல்ல மாட்டேன், அதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

நான் சொல்ல வருவது வேறு. 2021 ஜூனில் அவரை ஒரு சிறையிலிருந்து திகார் சிறைக்கு மாற்றும்போது, காவலுக்கு வந்த போலீஸார் சிலர் அவரோடு சிரித்துக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்! கொலை வழக்கில் கைதானவரோடு! காக்கிச் சட்டைக்குள்ளும் ஒரு ரசிகன் இருக்கிறான் பாருங்கள்.

அந்த இறந்த இளைஞன் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் சாகர் தன்கர். வயது 23. ஜூனியர் பிரிவில் தேசியச் சாம்பியனாக இருந்தவர். அவரும் பதக்கக் கனவோடு வந்த பிள்ளைதான். அவரைப் பெற்ற தாயும் தாய்தான். பதக்கம் வாங்கியவனின் எதிர்காலம் போச்சே என்று அழுகிற ரசிகன், எதிர்காலமே இல்லாமல் போனவனை நினைப்பதில்லை.

2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் சுஷில் குமாருக்கு ஜாமீன் கொடுத்தது. ஆகஸ்ட் 13-ல் உச்சநீதிமன்றம் அந்த ஜாமீனை ரத்து செய்தது. சாட்சிகள் மீது அவருக்கு இருக்கக்கூடிய செல்வாக்கு முக்கியமாகக் கவனிக்கப்பட்டது. சகோதரர்களே, அந்தச் செல்வாக்கு எங்கிருந்து வருகிறது? நம் கைதட்டலிலிருந்து வருகிறது!

நம் கல்லூரிகளில்

டெல்லிக் கதை நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். கொங்கு நாட்டில் கபடி நடக்காத ஊர் உண்டா? விளையாட்டு ஒதுக்கீட்டில் பிள்ளைகளைச் சேர்க்கிற கல்லூரிகள் இருக்கின்றன. ஏழை வீட்டுப் பிள்ளை படிக்க அது நல்ல வழி. ஆனால் நன்றாக ஆடுகிற ஒருவன் விடுதியில் ஜூனியரை அடித்துவிட்டால் என்ன நடக்கிறது? "அடுத்த வாரம் டோர்னமென்ட் இருக்கிறது, பெரிதாக்காதே" என்கிறார்கள். புகார் கொடுத்தவன் வீட்டுக்கு நாலு பேர் சமாதானம் பேசப் போகிறார்கள். ஒரு பெண் புகார் கொடுத்தால் நிலைமை அதைவிட மோசம். அவள் நடத்தையைப் பற்றியே முதல் கேள்வி வருகிறது!

1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவன் நாவரசு கொல்லப்பட்டதை உங்கள் அத்தாமார்களைக் கேட்டால் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறை உண்டு. புகாரை மூடி மறைக்கிற நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டும். கப் வாங்கித் தருகிறவனுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இல்லை!

நம் மார்க்க வரலாறு என்ன சொல்கிறது? திருக்குர்ஆனின் நான்காவது அத்தியாயத்தில் 105-ம் வசனம் முதல் வருகிற வசனங்களின் பின்னணியை விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். மதீனாவில் ஒருவன் கவசத்தைத் திருடினான். பழி ஒரு யூதர் மீது விழும்படி செய்தான். அவன் குலத்தார் திரண்டுவந்து, "இவன் நம் ஆள்" என்று பரிந்து பேசினார்கள். வந்த வசனங்களோ, துரோகம் செய்தவர்களுக்காக வாதாட வேண்டாம் என்று எச்சரித்து, குற்றமற்ற அந்த யூதரின் பழியைத் துடைத்தன. தன் கூட்டம், பிறர் கூட்டம் என்று நீதிக்கு இரண்டு தராசு கிடையாது!

மறுபக்கமும் இருக்கிறது

அப்படியானால் வழக்கு வந்தவனை எல்லாம் கைவிட்டுவிட வேண்டுமா? கூடாது! 2021 அக்டோபர் 24-ல் துபாயில் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்றது. பந்து வீசிய முஹம்மது ஷமியைத் துரோகி என்று ஏசினார்கள். கேப்டன் விராட் கோலி வெளிப்படையாக அவருக்குத் துணை நின்றார். அதே ஆட்டத்துக்குப் பிறகு, பாகிஸ்தான் வெற்றியைக் கொண்டாடினார்கள் என்று ஆக்ராவில் காஷ்மீர் மாணவர்கள் மூவர் கைதானார்கள். தேசத்துரோகப் பிரிவும் போடப்பட்டது. அவர்களுக்காக வாதாட மாட்டோம் என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கங்கள் அறிவித்தன. 2022 மார்ச் இறுதியில்தான் அலகாபாத் உயர்நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஐந்து மாதம் சிறை! படிப்பு என்ன ஆனது, பெற்றோர் என்ன ஆனார்கள் என்று யார் கேட்டார்கள்?

விசாரணைக் கைதி என்ற சொல்லின் கசப்பு கோவை வட்டாரத்து மக்களுக்குத் தெரியும். குற்றம் நிரூபணமாகும்வரை ஒருவன் நிரபராதி என்ற பாதுகாப்பு நமக்கு வேண்டும் என்றால், அதை நமக்குப் பிடிக்காதவனுக்கும் கொடுத்தாக வேண்டும். அடுத்த அணிக்காரனுக்கு மறுத்த நியாயம், நாளை நம் வீட்டு வாசலில் நமக்கும் மறுக்கப்படும்.

ஆகவே, இளைஞர்களே, நாலு காரியங்களைச் செய்யுங்கள்.

ஒன்று: செய்தி வந்தால், அது புகாரா, கைதா, குற்றப்பத்திரிகையா, தீர்ப்பா என்று கேளுங்கள். நான்கும் வேறு வேறு. தெரியாமல் செல்போனில் ஒருவருக்கும் அனுப்பாதீர்கள்.

இரண்டு: பாதிக்கப்பட்டவர் யார் என்று கேளுங்கள். அவர் வீட்டுக்கு மிரட்டவோ சமாதானம் பேசவோ போகாதீர்கள். யாராவது கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

மூன்று: கைதானவன் நண்பன் என்றால், சட்டப்படி உதவுங்கள். 24 மணி நேரத்துக்குள் அவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாமல் சிறையில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு. சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். கோஷம் போடுவதைவிட ஒரு மனு எழுதுவது மேல்!

நான்கு: தீர்ப்பு வந்த பிறகு, குற்றவாளி என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். தண்டனையை முடித்துத் திருந்தி வந்தவனை மறுபடி மறுபடி குத்திக் காட்டாதீர்கள். நிரபராதி என்றால், நேற்று ஏசியவன் இன்று அவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்கட்டும்.

மைதானத்தில் நடுவர் அவுட் என்று விரலைத் தூக்கினால், நமக்குப் பிடித்த ஆட்டக்காரனும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். அந்த ஒழுங்கை ஆட்டக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்த விளையாட்டு, ரசிகனுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கட்டும்.