பெயரில் மட்டும் இந்தியா



பிறம்ரனில் ஒரு பேஸ்மென்ற் வீட்டில் வாடகைக்கு இருக்கும் அம்மா ஒருவர் போன மாதம் தொலைபேசியில் கதைத்தார். குசினியில் சின்ன அந்துப்பூச்சிகள் பறந்திருக்கின்றன. வீட்டுச் சொந்தக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இதின்ரை பேரே இந்தியன் மீல் மொத். உங்கடை அரிசியோடைதான் வந்தது" என்று சொல்லிவிட்டாராம். அந்த வெட்கத்தில் இவர் 20 இறாத்தல் அரிசியையும் குப்பையில் போட்டுவிட்டார். இன்றைய பேச்சு அந்த அரிசிக்காகத்தான்.

முதலில் பூச்சியைப் பாருங்கள். செட்டையை விரித்தால் 16 முதல் 20 மில்லிமீற்றர் இருக்கும். முன்செட்டையில் உடலை ஒட்டிய பகுதி வெளிறிய சாம்பல்; மிச்சம் செம்பு கலந்த கபிலம். இந்த இரண்டு நிறமும்தான் அடையாளம். முழுவதும் ஒரே சாம்பல் கபிலமாக இருந்தால் அது அரிசி அந்தாக இருக்கலாம். அது வேறு இனம். வளர்ந்த பூச்சி ஒன்றும் தின்னாது. தின்பதும் நூல் பின்னி மாவைக் கட்டியாக்குவதும் புழுதான்.

நான் கணக்காளன். ஒரு தொகை தவறான கணக்கில் பதிந்திருந்தால் மாற்றி எழுதுவோம். பூச்சியியலிலும் அப்படித்தான். 1813இல் ஜேர்மனியரான யாக்கோப் ஹியூப்னர் இதைத் துணி அரிக்கும் பூச்சிகளோடு ரினியா என்ற பேரினத்தில் சேர்த்தார். 1845இல் பிரான்சின் கெனே அதைப் பிரித்துப் புளோடியா என்ற பேரினத்தில் வைத்தார். இன்றும் அது புளோடியா இன்ரர்பங்ரெல்லாதான்.

அப்படியானால் 'இந்தியன்' எங்கிருந்து வந்தது? 1856இல் நியூயோர்க்கின் பூச்சியியலாளர் ஏசா ஃபிச், சோள மாவைக் கெடுக்கும் இப்பூச்சியைப் பற்றி எழுதினார். அக்காலத்தில் அமெரிக்காவில் சோள மாவை 'இந்தியன் மீல்' என்றே சொல்வார்கள். அங்கிருந்த ஆதிக்குடிகளை ஐரோப்பியர் இந்தியர் என்று தவறாக அழைத்தார்கள். அந்தத் தவறு அவர்களின் தானியத்தில் ஒட்டி, பிறகு பூச்சியிலும் ஒட்டிக்கொண்டது. எங்கள் அரிசிக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.

அதற்காக எங்கள் அரிசியில் இது வராது என்று சொல்லமாட்டேன். அரிசி, கச்சான், சீரியல், சொக்லேற், நாய்த் தீன், குருவித் தீன் எல்லாவற்றிலும் வரும். புதிதாக வாங்கும் மாவை நாலு நாள் பிறீசரில் வைத்தெடுத்து, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு வையுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரு சொல். இனி அரிசியை எறிய வேண்டாம். சொந்தக்காரர் திரும்பவும் கேட்டால், மேல்வீட்டில் குருவித் தீன் பை இருக்கிறதா, அதையும் ஒருக்கால் திறந்து பார்ப்போமா என்று கேளுங்கள்.